செங்கல் தரைக்குப் பதில் வுட்டன் ஃப்ளோரிங்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

கும்பகோணம் பக்கம் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் உள்ளறைகளுக்குச் செங்கல் பாவிய தரைதான். சாந்து போன இடமெல்லாம் கல் பொரிந்து செம்பொடி உதிரும், ஐப்பசி பிறந்தால் உப்பு பூக்கும், எத்தனை தடவை பெருக்கினாலும் பாயில் மண் ஒட்டும். அதை எடுத்துவிட்டு, மேலே மரம் போன்ற அச்சுப்படம் ஒட்டிய 8 மி.மீ. லேமினேட் பலகை போட்டோம்.

பலகையைவிட அடியில் செய்கிற வேலைதான் முக்கியம். செங்கல், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல நிலத்து ஈரத்தை இழுக்கும். அதன் மேலேயே ஃபோம் (பலகைக்கு அடியில் விரிக்கும் மெத்தென்ற தாள்) விரித்துப் பலகையைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாங்கள் கல்லைப் பெயர்த்து, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, கரையான் மருந்து அடித்து, 200 மைக்ரான் பாலித்தீன் விரித்து, அதன் மேல் கான்கிரீட் போட்டு மட்டம் பார்த்தோம். அது காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது: ஒரு துண்டு பாலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அப்புறம் சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம், ஈரக்காற்றில் பலகை விரிய இடம் வேண்டுமே. சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

மார்கழி விடியலில் கால் வைத்தால் சில்லென்று ஏறாது. முழங்கால் வலிக்காரரான அம்மாவுக்கு அது ஒன்றே போதும். ஆனால் சித்திரை மத்தியானத்தில் வெறுந்தரையில் படுக்கிற சுகம் போய்விட்டது, அதற்கு ஈடு கிடையாது.

ஜன்னலோரம் மட்டும் ஒரு மழையில் சாரல் அடித்துத் தண்ணீர் தேங்கி, இரண்டு பலகைகளின் விளிம்பு உப்பிவிட்டது. உள்ளே இருப்பது அழுத்திய மரநார் அட்டைதானே, உப்பினால் உப்பியதுதான், காய்ந்தாலும் பழையபடி படியாது. மாற்றத்தான் வேண்டும், அதனால் வாங்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதே நிறம் கிடைக்காது. துடைக்கும் துணியை நன்றாகப் பிழிந்துதான் போட வேண்டும், வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள வீட்டுக்கு இது ஆகாது.

அடுப்படிக்கும் தாழ்வாரத்துக்கும் இதை யோசிக்கவே வேண்டாம். அங்கே மரம் மாதிரிதான் வேண்டும் என்றால் தண்ணீருக்கு உப்பாத எஸ்.பி.சி. பலகை (கல்பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்தது) பாருங்கள். பெயர்த்த கல்லில் நல்லதையெல்லாம் கிணற்றடியில் பாவிவிட்டோம், வழுக்காமல் நன்றாக இருக்கிறது.