கூகுள் பேட்டண்ட்ஸ்: ஒரு பில்லிங் புரோகிராமரின் விமர்சனம்

மென்பொருள் எழுதுகிற நாலு பேர் டீ குடிக்கிற இடத்தில் பேட்டண்ட் (ஒரு கண்டுபிடிப்புக்கு அரசு குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் தனி உரிமை) என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், ஆளாளுக்குத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். "கடைசியாக எந்த பேட்டண்டை முழுசாகப் படித்தீர்கள்?" என்று கேட்டால் பேச்சு சத்தமில்லாமல் வேறு பக்கம் போய்விடும். ஈரோட்டில் ஹார்டுவேர் கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். என் கணினியில் சேர்ந்து கிடக்கும் தொழில்நுட்பப் பிடிஎஃப்களில் பாதிக்கு மேல் பேட்டண்ட்கள்தான். எல்லாம் கூகுளின் பேட்டண்ட் தேடல் தளமான கூகுள் பேட்டண்ட்ஸில் இருந்து இறக்கியவை. கட்டணம் இல்லை, லாகின் இல்லை, விளம்பரமும் இல்லை. புரோகிராமர்களுக்கு இதைவிட நல்ல இலவச நூலகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தளம் 2006 டிசம்பரில் அமெரிக்க பேட்டண்ட்களோடு மட்டும் தொடங்கியது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டண்ட் அலுவலகங்களின் ஆவணங்கள் 12 கோடிக்கு மேல் இருக்கின்றன. ஒரு பேட்டண்டைத் திறந்தால் மேலே சுருக்கம், படங்கள், பக்கத்தில் ஒரு பெட்டியில் எண், கண்டுபிடித்தவர், உரிமையாளர், தேதிகள், இப்போதைய நிலை, பிடிஎஃப் பொத்தான். கீழே ஒரு பக்கம் விளக்கம், மறுபக்கம் கிளெய்ம்கள், அதாவது எதெல்லாம் தன்னுடையது என்று உரிமை கோரும் வரிகள். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். விளக்கத்தில் உள்ளதெல்லாம் உரிமையாளருக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். சட்டப்படி வேலி போடுவது கிளெய்ம் மட்டும்தான். விளக்கம் பாடம். எனக்குத் தேவை பாடம்.

எடுத்துக்காட்டுக்கு என் தொழிலின் அடிப்படையையே பார்க்கலாம். தேடுபெட்டியில் அமெரிக்க பேட்டண்ட் 2,612,994 என்று போடுங்கள். நார்மன் வுட்லேண்ட், பெர்னார்ட் சில்வர் இருவரும் 1949 அக்டோபரில் விண்ணப்பித்து, 1952 அக்டோபரில் வாங்கிய பார்கோடு பேட்டண்ட் வரும். படத்தைப் பார்த்தால் இன்றைய கோடுகளோடு ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்களும் இருக்கும். பொருளை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக வட்டம். யோசனை அருமைதான், ஆனால் அச்சில் மை ஒரு பக்கமாக இழுத்தால் வட்டம் கெட்டுவிடும். கோடாக இருந்தால் மை கோட்டின் நீளவாக்கில் இழுக்கும், அகலம் மாறாது. பின்னால் ஐபிஎம் வடிவமைத்த நேர்கோட்டு பார்கோடு வென்றதற்கு இது ஒரு முக்கியமான காரணம். லேபிள் பிரிண்டரில் ஸ்டிக்கரை எந்த வாக்கில் அடிக்க வேண்டும் என்று கடைக்காரர்களுக்கு நான் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதே விஷயம்தான்.

இந்த பேட்டண்ட் என்ன ஆனது? 1962இல் ஃபில்கோ நிறுவனம் 15,000 டாலருக்கு வாங்கியது, அப்புறம் ஆர்சிஏவுக்குக் கை மாறியது, 1969இல் காலாவதியானது. உண்மையான கடையில் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, ஓஹையோ மாநிலம் டிராய் ஊரில் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், ஒரு பாக்கெட் ரிக்லி சூயிங்கம். அதாவது பேட்டண்ட் செத்து ஐந்து ஆண்டு கழித்து. "பேட்டண்ட் போட்டு ஒரு துறையையே முடக்கிவிட்டார்கள்" என்று பொதுவாக அடித்துவிடுகிறவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும். அந்த யோசனை காத்திருந்தது மலிவான லேசருக்கும் மலிவான கணினிக்கும். வக்கீலுக்காக அல்ல.

அடுத்து கியூஆர் கோடு. ஜப்பானின் டென்சோ வேவ் 1994இல் வெளியிட்டது. அதற்கு பேட்டண்டும் வைத்திருந்தது, அமெரிக்காவில்கூட. தரநிலைப்படி பயன்படுத்துகிறவர்கள்மீது அந்த உரிமையைச் செலுத்த மாட்டோம் என்று அறிவித்து, வடிவமைப்பையும் வெளியே வைத்தது. இன்றைக்குப் பூக்காரம்மா கூடை ஓரத்தில் ஒட்டியிருக்கும் யூபிஐ அட்டை வரை வந்திருப்பது அந்த முடிவின் தொடர்ச்சிதான். பேட்டண்ட் இருந்தது, ஆனால் அதனால் யாருக்கும் தடை வரவில்லை. உரிமை வைத்திருப்பவரின் வியாபார புத்தி எப்படி என்பதுதான் விஷயம். ஆனால் விவாதங்களில் அந்தப் பேச்சே வராது. பேட்டண்ட் ஒழிக என்பது ஒரு கட்சி, பேட்டண்ட் இல்லாவிட்டால் கண்டுபிடிப்பே நின்றுவிடும் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

பேட்டண்ட் ஒழிக என்கிற கட்சிக்கு உரியதையும் கொடுத்துவிடுகிறேன். அவர்களுடைய நல்ல ஆயுதமே இந்தத் தளத்தில்தான் கிடைக்கிறது. 4,558,302 என்பது டெர்ரி வெல்ச் 1983 ஜூன் 20 அன்று விண்ணப்பித்த எல்இசட்டபிள்யூ என்ற, ஃபைலின் அளவைக் குறைக்கும் சுருக்கல் முறை. ஜிஃப் படங்களுக்குள் இருப்பது அதுதான். அதே தளத்தில் 4,814,746ஐத் திறந்து பாருங்கள். ஐபிஎம்முக்காக மில்லரும் வெக்மனும் அதே ஜூன் முதல் தேதி போட்ட விண்ணப்பம். அடிப்படையில் அதே முறைதான். ஒரே சரக்குக்கு அமெரிக்க பேட்டண்ட் அலுவலகம் இரண்டு பட்டா எழுதிக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் பிரவுசரில் பக்கத்துப் பக்கத்து டேப்களில் வைத்துப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வெல்ச்சின் பேட்டண்டை வைத்திருந்த யூனிசிஸ், ஜிஃப் உலகம் முழுக்கப் பரவிய பிறகு 1994 கடைசியில் உரிமக் கட்டணம் கேட்டு வந்தது. அந்தக் கோபத்தில் ஜிஃப்புக்கு மாற்றாகப் பிறந்த பட வடிவம்தான் பிஎன்ஜி. அமெரிக்காவில் அந்த பேட்டண்ட் 2003 ஜூனில் முடிந்தது. பேட்டண்ட் அலுவலகத்தின் பரிசோதனை மோசம், காலமும் மென்பொருளுக்கு ரொம்ப நீளம். ஒத்துக்கொள்கிறேன். ஒரே கிளிக்கில் பொருள் வாங்கும் அமேசானின் பேட்டண்டை வைத்து பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைமீது வழக்குப் போட்ட ஜெஃப் பெசோசே, 2000 மார்ச்சில் ஒரு திறந்த கடிதத்தில் மென்பொருள் பேட்டண்டுக்கு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு போதும் என்று எழுதினார். அதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஒழிப்பதற்குப் போட மாட்டேன்.

ஏன் என்று கேட்டால் இன்னொரு எண் சொல்கிறேன்: 6,285,999. பேஜ்ரேங்க், அதாவது தேடலில் எந்தப் பக்கம் முக்கியம் என்று கணக்குப் போட கூகுள் தொடங்கிய முறை. கண்டுபிடித்தவர் லாரன்ஸ் பேஜ், உரிமையாளர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், விண்ணப்பம் 1998 ஜனவரி, வழங்கியது 2001 செப்டம்பர். இந்த உரிமத்துக்காகக் கிடைத்த கூகுள் பங்குகளை விற்று ஸ்டான்ஃபோர்டு 33 கோடியே 60 லட்சம் டாலர் பார்த்தது. அவ்வளவு விலை போன சமாச்சாரம், ஃபார்முலாவோடு, படத்தோடு, கூகுளின் சொந்தத் தளத்திலேயே சும்மா கிடக்கிறது. பேட்டண்டும் காலாவதி. நாளைக்கே எடுத்து உங்கள் மென்பொருளில் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்குக் கூகுள் தேடல் எப்படி வரிசைப்படுத்துகிறது? அது கூகுளின் சர்வருக்குள் இருக்கிறது. அதற்கு பேட்டண்டின் இருபது ஆண்டுக் கணக்கு ஓடவில்லை, என்றைக்கும் ஓடாது. மென்பொருள் எல்லாம் அடுத்தவன் சர்வருக்குப் போன பிறகு பேட்டண்ட் எடுக்க வேண்டிய அவசியமே பல பேருக்கு இல்லை, மறைத்து வைத்தாலே போதும். பேட்டண்டை ஒழித்துவிட்டால் எல்லாரும் திறந்து காட்டுவார்கள் என்று நம்புகிறவர்கள் எந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

போன ஆண்டு ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் அழைத்தார். ஏதோ ஒரு பழைய பில்லிங் மென்பொருள் ஓட்டிக்கொண்டிருந்தார், விற்றவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். ஆணி, போல்ட், பெயின்ட் என்று அவர் பல ஆண்டாகச் சேர்த்த சரக்குப் பட்டியல் முழுவதும் பூட்டிய ஃபைலில். வெளியே எடுக்க மெனுவில் வழியே வைக்கவில்லை.

"என் சரக்கு, என் விலை, நான் உட்கார்ந்து அடிச்ச லிஸ்ட்டு. இதை எடுக்க நான் யாருகிட்டப் போய்க் கெஞ்சணும் தம்பி?" என்றார்.

"யாருகிட்டயும் வேண்டாங்கண்ணா, கொஞ்ச நாள் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஃபைலின் பைட்டுகளைத் தோண்ட ஆரம்பித்தேன். வந்துவிட்டது. நல்ல வேளையாக நம் காப்பிரைட் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு மென்பொருளோடு இன்னொன்றைப் பேசவைப்பதற்குத் தேவையான தகவலை இப்படி எடுக்க அனுமதிக்கிறது. இந்தக் கதையில் பேட்டண்ட் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அண்ணனை மாட்டவைத்தது ரகசிய ஃபைல் வடிவமும் உரிம ஒப்பந்தமும். அதற்கு மேல் காப்பிரைட் வேறு. இந்தியாவில் அது எழுதியவரின் ஆயுள் முழுக்க, அப்புறம் இன்னும் 60 ஆண்டு. பில்லிங் மென்பொருளுக்கு! இருபது ஆண்டு பேட்டண்டுக்கு எதிராகக் கொடி பிடிக்கிறவர்கள் இதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

இன்னொரு பிரபலமான அறிவுரை: "புரோகிராமர்கள் பேட்டண்ட் படிக்கவே கூடாது." இது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பயம். அங்கே தெரிந்தே மீறினார்கள் என்று ஆனால் நஷ்டஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் பெரிய கம்பெனி வக்கீல்கள் "பார்க்காதே" என்பார்கள், அவர்கள் நிலையில் அது நியாயமும்கூட. பேட்டண்ட் நாட்டுக்கு நாடு தனித்தனி. அமெரிக்க பேட்டண்ட் ஈரோட்டு மளிகைக்கடையைக் கட்டுப்படுத்தாது. அதுவும் நான் படிப்பவை பெரும்பாலும் காலாவதியானவை. செத்த பேட்டண்டைப் படித்து ஜெயிலுக்குப் போனவர் யாருமில்லை.

உடனே "இந்தியாவில்தான் மென்பொருள் பேட்டண்டே கிடையாதே" என்பார்கள். முழுசாகச் சரியில்லை. பேட்டண்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் 'அதனளவில்' கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. அந்த 'அதனளவில்' என்ற சொல் வழியாக ஒரு லாரியே போகலாம். 2016 வழிகாட்டுதலில் புதிய வன்பொருளும் இருக்க வேண்டும் என்றார்கள், 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில், தொழில்நுட்ப விளைவு இருந்தால் மென்பொருள் சார்ந்தது என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே உள்ளூரில் புதிதாக ஏதாவது விற்கப் போகிறவர்கள் "நமக்கு இது பொருந்தாது" என்று தூங்க வேண்டாம்.

சரி, தளத்தின் குறைகள். எல்லாவற்றிலும் ஆபத்தானது பெட்டிக்குள் இருக்கும் அந்த நிலை வரி. 'எக்ஸ்பயர்டு' என்று போட்டிருக்கும், எதிர்பார்க்கும் முடிவுத் தேதியும் இருக்கும். அது ஒரு அனுமானம்தான், சட்ட முடிவு அல்ல என்று கூகுளே பக்கத்தில் குறிப்பிடுகிறது. ஆனால் அந்தக் குறிப்பு கண்ணில் படுகிற மாதிரி இல்லை. படிப்பதற்கு அந்த வரி போதும். பணம் போடுவதற்கு முன்னால் அந்தந்த நாட்டு அலுவலகத்தின் பதிவேட்டைப் பாருங்கள், இந்திய பேட்டண்டுக்கு அரசின் இன்பாஸ் தேடல் இருக்கிறது. 1976க்கு முந்தைய அமெரிக்க பேட்டண்ட்கள் ஸ்கேன் செய்து எழுத்தாக்கியவை, எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். வார்த்தை போட்டுத் தேடினால் தப்பிவிடும். எண் தெரிந்தால் எண்ணையே போடுங்கள். ஜப்பானிய, சீன ஆவணங்களுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு உண்டு. படத்தோடு சேர்த்துப் படித்தால் புரியும், கிளெய்மை நம்ப முடியாது. தமிழ் எதிர்பார்க்க வேண்டாம்.

பலம் என்று பார்த்தால், ஒரு யோசனை முன்பே வெளிவந்திருக்கிறதா என்று தேடும் 'ஃபைண்ட் பிரையர் ஆர்ட்' பொத்தானும், அதைப் போன்ற ஆவணங்களைக் காட்டும் 'சிமிலர் டாகுமெண்ட்ஸ்' பட்டியலும். நீங்கள் சொந்தமாக யோசித்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருப்பதை 1987இலேயே ஒருவர் படம் போட்டு வைத்திருப்பார். பொதுவான வார்த்தைகளில் தேடாமல் வகைப்பாட்டுக் குறியீட்டில் தேடினால் குப்பை குறையும். பார்கோடு படிப்பது ஜி06கே 7, பணம் செலுத்தும் முறைகள் ஜி06கியூ 20. முன்னுரிமைத் தேதியை, அதாவது முதல் விண்ணப்பம் போட்ட தேதியை, 2000க்கு முன் என்று வடிகட்டிக்கொண்டால் வருவதில் பெரும்பாலானவை காலம் கடந்தவை. வழக்கு நடந்தவற்றை மட்டும் பார்க்கவும் ஒரு வடிகட்டி உண்டு. எந்தக் கிளெய்முக்காக அடித்துக்கொண்டார்கள் என்று பார்க்க எனக்கு அது பிடிக்கும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று, அந்த நிலை வரிக்காக. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் படங்களைப் பாருங்கள், அடுத்து விளக்கம், கிளெய்ம்களைக் கடைசியில். முதல் நாளே கிளெய்மில் ஆரம்பித்தால் இரண்டாம் நாள் வர மாட்டீர்கள்.