ஜாலான் பசாரில் வாங்கிய ஐந்து வோல்ட் ரிலே பலகை

இரண்டாம் படிவத்தில் பயிலும் என் மகள், மண் காய்ந்தால் செடிக்குத் தானே நீர் பாய்ச்சும் கருவியொன்றைப் பள்ளிச் செயல்திட்டமாகச் செய்ய விரும்பினாள். அதற்காகக் கோலாலம்பூர் ஜாலான் பசாரில் உள்ள உதிரிபாகக் கடையொன்றில், ஒற்றை ரிலே பொருத்திய ஐந்து வோல்ட் பலகையை ஐந்து ரிங்கிட்டுக்கு வாங்கினோம். மூன்று வாரப் பயன்பாட்டுக்குப் பின் இதனைத் தொடக்கநிலையினருக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் விளக்கத்தாள் ஒன்றுகூட இல்லாமல் விற்பதை ஏற்க முடியவில்லை.

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். நீலப் பெட்டிக்குள் உள்ள சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்க, ‘டக்’ என்ற ஒலியுடன் தொடுமுனைகள் இடம் மாறுகின்றன. அச்சுருளுக்கு ஏறத்தாழ 70 மில்லியாம்பியர் வேண்டும். கருவியின் மூளையாக இயங்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையான அர்டுயினோ ஊனோவின் ஒரு பின்னிலிருந்து (இணைப்பு முனையிலிருந்து) 20 மில்லியாம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதன்று. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கி அந்த இடைவெளியை நிரப்பும் டிரான்சிஸ்டரும், சுருள் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை அடக்கும் டயோடும் பலகையிலேயே இருப்பதால்தான், தனி ரிலேயைவிட இதனை வாங்குவது மேல்.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. அர்டுயினோவுக்கு மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பம்பு ஒரு கணம் ஓடி மேசையை நனைத்தது. இப்பலகை ‘லோ’ (பூஜ்ய வோல்ட்) நிலையில் இயங்கும் வகை; நிரலில் அந்தப் பின்னை ‘அவுட்புட்’ (வெளியீடு) என அறிவித்த கணத்தில் அது ‘லோ’வாகவே இருப்பதால் ரிலே இழுத்துவிடுகிறது. அறிவிப்புக்கு முந்தைய வரியிலேயே ‘ஹை’ (ஐந்து வோல்ட்) என்று எழுதியதும் அது நின்றது. விளக்கத்தாளில் ஒரே வரியாக இது இருந்திருந்தால், மகள் ஒரு மாலைப் பொழுதை இழந்திருக்க மாட்டாள்.

அடுத்து, பம்பு நிற்கும்போதெல்லாம் அர்டுயினோவுடன் இணைத்திருந்த திரையில் எழுத்துகள் சிதறின. பலகையிலுள்ள டயோடு ரிலேயின் சுருளை மட்டுமே கவனிக்கிறது. பம்பின் மோட்டாரும் ஒரு சுருள்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். 12 வோல்ட் பம்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே, வெள்ளிக் கோடு நேர்முனையைப் பார்க்கும்படி 1என்4007 டயோடு ஒன்றைப் பற்றவைத்த பிறகு திரை தெளிவாக நின்றது. பம்பின் கம்பிகளைக் ‘காம்’ (பொது முனை), ‘என்ஓ’ (ரிலே இழுக்கும்போது மட்டும் இணையும் முனை) ஆகியவற்றில் இணைத்திருந்தோம்; ‘என்சி’யில் இணைத்தால் ரிலே ஓய்ந்திருக்கும்போது பம்பு ஓடும், இந்தக் கருவிக்கு அது ஆபத்து.

ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு வீட்டு மின்விசிறியை இணைக்கலாமா என்று மகள் கேட்டாள். நான் மறுத்துவிட்டேன். பலகையைத் திருப்பிப் பார்த்தால் ஈயப் பற்றுகள் மூடப்படாமல் விரல் படும்படி நிற்கின்றன. வீட்டின் 230 வோல்ட் அங்கே திறந்தவெளியில் இருக்கும். மேலும் அந்த 10 ஆம்பியர் எளிய சுமைகளுக்கான அளவு. மோட்டார் புறப்படும்போது இழுக்கும் மின்னோட்டம் தொடுமுனைகளை ஒட்டவைத்துவிடக்கூடும்.

அடுத்த முறை இரட்டை ரிலே பலகையையே வாங்குவேன். அதில் ‘ஜேடி-விசிசி’ என்ற ஜம்பரை (கழற்றக்கூடிய சிறு இணைப்புத் துண்டை) எடுத்துவிட்டுச் சுருளுக்குத் தனி மின்வழங்கியைக் கொடுக்க முடியும். எங்கள் பலகையில் சுருள் பக்கமும் அர்டுயினோ பக்கமும் ஒரே ஐந்து வோல்ட்டையும் ஒரே கிரவுண்டையும் பகிர்வதால், இரு பக்கங்களையும் ஒளியால் மட்டும் இணைத்து மின்சாரத்தைப் பிரிக்கும் ஆப்டோகப்ளர் இருந்தும் அதன் முழுப் பயன் கிடைக்கவில்லை. கடையில் கேட்கும்போது ஜம்பரின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.