யுடிஎல் ஃபைலா, ஓடிபிசி டிரேஸா?

டேட்டாபேஸோடு "இணைக்க முடியவில்லை" என்பதோடு அப்ளிகேஷன் நிறுத்திக்கொள்கிறது. காரணம் தெரிய விண்டோஸிலேயே இரண்டு வழிகள் உண்டு.

நான் முதலில் போவது யுடிஎல்லுக்கு, அதாவது டேட்டாபேஸ் இணைப்பு விவரங்களை வைக்கும் சிறு ஃபைலுக்கு. வெற்று டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றின் எக்ஸ்டென்ஷனை யுடிஎல் என்று மாற்றி டபுள் கிளிக் செய்தால் ஒரு பெட்டி திறக்கும். சர்வர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து 'டெஸ்ட் கனெக்‌ஷன்' அழுத்த வேண்டியதுதான். இணைந்துவிட்டால் ஃபயர்வால் மேல் பெரும்பாலும் பழி இல்லை. ஒரு சிக்கல்: 64 பிட் விண்டோஸில் டபுள் கிளிக் 64 பிட் டிரைவர்களையே (டேட்டாபேஸோடு பேச உதவும் மென்பொருள்) காட்டும். பழைய 32 பிட் அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேருக்கு அந்தச் சோதனை செல்லாது.

சரி, யுடிஎல்லில் இணைகிறது, அப்ளிகேஷனில் மட்டும் இல்லையா? அப்போதுதான் டிரேஸ், அதாவது ஓடிபிசி (அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் இடைமுகம்) வழியாக நடப்பதை லாக் ஃபைலில் பதிவது. ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டரில் 'டிரேசிங்' பக்கத்தில் ஆன் செய்துவிட்டு அப்ளிகேஷனைத் திறந்து பாருங்கள். அது விழுங்கிய பிழைக் குறியீடு லாக்கில் கிடக்கும். 08001 என்றால் சர்வரை எட்டவே இல்லை. 28000 லாகின் தவறு. ஐஎம்002 என்றால் டிஎஸ்என் (சேமித்து வைத்த இணைப்பு அமைப்பு) பெயரோ டிரைவரோ கிடைக்கவில்லை. ஐஎம்014 என்றால் 32, 64 பிட் குழப்பம். ஓடிபிசி வழியாகப் போகாத அப்ளிகேஷனுக்கு இது உதவாது. வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். லாக் வீங்கிக்கொண்டே போகும், மெஷினும் நகராது.