இன்னொரு ஆஃபரைக் காட்டுவதா, காட்டாமல் கேட்பதா?

ஆஃபர் லெட்டர் வந்தபின் சம்பளத்தைக் கூட்டிக் கேட்க சென்னையின் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர் வட்டாரத்தில் இரண்டு வழிகள் புழங்குகின்றன. ஒன்று, வேறு கம்பெனியின் லெட்டரைக் காட்டுவது. மற்றது, எதையும் காட்டாமல் நம் வேலையைச் சொல்லிக் கேட்பது. முதல் வழிக்குத்தான் பலம் அதிகம் என்பார்கள். பாதி சரி.

இன்னொரு லெட்டர் கையில் இருந்தால் ஹெச்.ஆர் சீக்கிரம் இறங்கி வருவார். ஐ.டி.யில் ராஜினாமா கொடுத்தபின் 90 நாள் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் சகஜம். அந்த மூன்று மாதத்தில் அடுத்தடுத்த ஆஃபர் வரத்தான் செய்யும். ஆனால் இது ஹெச்.ஆருக்கும் தெரியும். "நம்ம லெட்டரைக் காட்டி இவர் இன்னொரு இடத்துல கேட்பார்" என்ற சந்தேகம் வந்துவிட்டால் பேச்சு இறுகிவிடும். என் அனுபவத்தில் ஆஃபர் கைநழுவுவது ஒருமுறை கேட்டதால் அல்ல, ஒப்புக்கொண்டபின் மறுபடி கேட்டதால். கிண்டியில் ஒரு கம்பெனிக்குச் சரி என்று மெயில் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து வேறொரு லெட்டரை அனுப்பினேன். "ஆல் தி பெஸ்ட்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. தப்பு என்னுடையதுதான். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது இன்னும் மோசம். "லெட்டரை அனுப்புங்க" என்றால் கதை முடிந்தது.

லெட்டரைக் காட்டுகிறவர்கள் இன்னொரு இடத்திலும் சறுக்குவார்கள். சி.டி.சி.யை, அதாவது கம்பெனி நமக்காக வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகையை, சி.டி.சி.யோடு ஒப்பிடுவார்கள். இரண்டு கம்பெனியிலும் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், வருடத்துக்கு 7 லட்சம் என்று வையுங்கள். முதலாவது 14 லட்சம் தருகிறது, அதில் 1.4 லட்சம் வேரியபிள், அதாவது செயல்பாட்டைப் பொறுத்துக் கிடைக்கும் பகுதி. கம்பெனி கட்டும் பி.எஃப் பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 84,000. பணிக்கொடையான கிராஜுவிட்டி 4.81 சதவீதம், சுமார் 33,700. மிச்சம் மாதம் 95,000 சொச்சம். இரண்டாவது தருவது 13.25 லட்சம்தான், ஆனால் வேரியபிள் இல்லை, பி.எஃப் 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் 12 சதவீதம், மாதம் 1,800. அதே கிராஜுவிட்டியைக் கழித்தால் மாதம் ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கு மேல் வரும். நம் பங்கு பி.எஃப்பும் வரியும் பிடிப்பதற்கு முந்தைய கணக்கு இது. பி.எஃப் எங்கும் போகாது, நம் பெயரில்தான் சேரும். வேரியபிளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆக, 14 லட்ச லெட்டரை நீட்டி 13.25 லட்சக்காரரிடம் சண்டை போடுவது வெட்டி வேலை.

காட்டாமல் கேட்பது மெதுவான வழி. ஆனால் உறவு கெடாது. என் ஓட்டு இதற்கே. போனில், ஃபிக்ஸடாக, அதாவது வேரியபிள் சேராத சம்பளமாக, ஒரே ஒரு எண்ணைச் சொல்லி: "மேடம், வேலை பிடிச்சிருக்கு. இப்ப நான் பார்க்கிற புராஜெக்ட்டை ஆரம்பத்துலேர்ந்து நான்தான் நடத்துறேன். ஃபிக்ஸட் 13.5 லட்சம் ஆக்கித் தந்தா இன்னிக்கே சைன் பண்ணிடுறேன்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் கஷ்டம். மெயிலில் கேட்டால் அது நாலு பேருக்கு ஃபார்வர்ட் ஆகி, "பாலிசி இடம் தராது" என்ற பதிலோடு திரும்பும்.

"பேண்ட் முடிஞ்சிருச்சு" என்று, அதாவது அந்தப் பதவிக்கான சம்பள உச்சத்தைத் தொட்டாச்சு என்று ஹெச்.ஆர் சொன்னால், வேலையில் சேரும்போது ஒருமுறை தரும் ஜாயினிங் போனஸ் பக்கம் திரும்பலாம். அது பெரும்பாலும் வேறு பட்ஜெட் என்பதால் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு லட்சம் போனஸா, ஃபிக்ஸடில் அறுபதாயிரம் ஏற்றமா என்று கேட்டால் நான் அறுபதாயிரத்தையே எடுப்பேன். இரண்டாம் வருடமே அது போனஸை முந்திவிடும். வருடாந்தர அப்ரைசலில் தரும் உயர்வு சதவீதமும் அதன்மேல்தான் ஏறும். ஒரு வருடத்துக்குள் விலகினால் போனஸைத் திருப்பித் தரவேண்டும் என்ற ஷரத்தும் பொதுவாக இருக்கும். வரி போக வந்தது குறைவாக இருந்தாலும், திருப்பிக் கேட்பது பெரும்பாலும் முழுத் தொகையை. ஒரே வருடத்தில் கிளம்பிவிடுவோம் என்ற எண்ணம் இருந்தால் போனஸ் பக்கமே போகாதீர்கள்.

எதைக் கேட்டு வாங்கினாலும், போனில் "ஓகே" என்றது திருத்திய லெட்டரில் எண்ணாக வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சைன் போடுங்கள்.