ஆறு வருஷமாக ஒரே ஒரு டெபிட் கார்டு

பொருள்: வங்கிக் கணக்கோடு கூடவே வரும் சாதாரண டெபிட் கார்டு. பயன்படுத்திய காலம்: ஆறு வருஷம், பர்ஸில் வேறு கார்டு எதுவும் இல்லாமல். மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை. ஒன்றரையை எங்கே குறைத்தேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். அடுத்தவர்களின் வரவு செலவைக் காசு பிசகாமல் நேர்செய்து கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் மூன்று கிரெடிட் கார்டு பில்களையும் பிரிக்காமலே மேஜை டிராயரில் போட்டுவைத்தவள். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை மட்டும் தவறாமல் கட்டிவந்தேன். கெடு தாண்டவில்லை என்பதில் ஒரு அசட்டுப் பெருமை வேறு.

ஒருநாள் மதியம், வேலை குறைவாக இருந்தபோது, அந்தக் கட்டத்தை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பாக்கி 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம். முதல் மாதம் வட்டி சேர்ந்து 1,030. அதில் 51.50 கட்டினால் மிச்சம் 978.50. கட்டியது 51.50, கடன் இறங்கியது 21.50. புதிதாக ஒரு குண்டூசிகூட வாங்காமல் இப்படியே 32 மாதம் கட்டினால், கையை விட்டுப் போயிருப்பது சுமார் 1,200. பாக்கி இன்னும் சுமார் 500 நிற்கும். எங்கோ கூட்டலில் பிசகு என்று நினைத்து மறுபடி போட்டேன். பிசகு இல்லை. என் கார்டுகளின் வட்டி இதிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை.

இப்படிப் பாக்கியை உருட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு கார்டு தொழிலில் 'ரிவால்வர்' என்று பெயர். பொருத்தமான பெயர்தான், குழல் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத் தவிர.

மூன்றையும் அடைக்க 26 மாதம் ஆனது. வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைப்பதுதான் கணக்குப்படி லாபம். நான் சின்னக் கடனை முதலில் அடைத்தேன். ஒன்றாவது ஒழிந்தது என்று கத்தரிக்கோலை எடுக்கும் சந்தோஷம் எனக்குத் தேவைப்பட்டது. கணக்குக்காரி செய்யக்கூடாத காரியம், தெரிந்தே செய்தேன்.

இனி பொருளுக்கு வருகிறேன். டெபிட் கார்டின் ஒரே பெரிய குணம், பணம் இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லிவிடுவது. கிரெடிட் கார்டு எதற்கும் 'ஆகட்டும்' என்று சொல்லும் விருந்தாளி மாதிரி. 1950-ல் டைனர்ஸ் கிளப் என்ற ஆரம்பகாலக் கார்டு வந்தபோதுகூட மாதக் கடைசியில் முழு பில்லையும் தீர்த்தாக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 1958-ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் யாரும் கேட்காமலே சுமார் 60,000 பேருக்குக் கார்டைத் தபாலில் அனுப்பியது. அந்தக் கார்டில் பாக்கியை வைத்துக்கொண்டு வட்டி கட்டலாம். அதுதான் பிறகு 1976-ல் விசா என்று பெயர் மாறியது. 'இல்லை' என்ற சொல் அங்கேயே பாதி தொலைந்துவிட்டது என்பது என் கட்சி.

ஆனால் டெபிட் கார்டு தானாகவே இந்த நல்ல குணத்தோடு வரும் என்று நம்பி ஏமாறாதீர்கள். பல வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் என்று ஒன்று உண்டு. கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் கார்டு வேலை செய்யும், பின்னாலேயே கட்டணமோ வட்டியோ வரும். அதற்கு 'வசதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் முதல் வேலையாக அதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர், "அவசரத்துக்கு இருக்கட்டுமே மேடம்" என்றார். அந்த அவசரத்தைத்தான் 26 மாதம் அடைத்துவிட்டு வந்திருந்தேன்.

இன்னொரு உண்மை: டெபிட் கார்டும் நோட்டுக் கட்டு ஆகிவிடாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகத் தர வேண்டும் என்று ஒரு பாதிக்கும், கிரெடிட் கார்டில் தரலாம் என்று மறு பாதிக்கும் சொல்லப்பட்டது. கார்டுக்காரர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். 2001-ல் வெளியான ஆய்வு அது. அட்டையைத் தட்டினால் வலிக்காது, அது எந்த அட்டையானாலும். அதனால் கூடவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன்.

என் வருமானம் வரும் கணக்கில் கார்டே கிடையாது. கார்டு இருப்பது இரண்டாவது கணக்கில். ஞாயிறு காலை ஒரு வாரத்துக்கான தொகையை அதற்கு மாற்றுவேன். ஒவ்வொரு முறை கார்டைத் தட்டியதும் மிச்சம் எவ்வளவு என்று போனில் செய்தி வரும். போன மாதம் ஒரு வியாழக்கிழமை, கடையில் ஷூவைப் போட்டு நடந்து பார்த்து, பெட்டியில் வைத்து, கவுன்ட்டர் வரை போய்விட்டேன். இயந்திரம் மறுத்தது. பின்னால் நாலு பேர். காது சூடாகிவிட்டது. "வேற கார்டு இருக்கா?" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். இல்லை என்றேன். பெட்டியை வாங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பணம் மாற்றியபோது அந்த ஷூ ஞாபகத்துக்கே வரவில்லை. பழைய ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டிக்கொண்டேன்.

இப்போது குறைத்த ஒன்றரைக்கு வருகிறேன். ஒரு மதிப்பெண் போனது ஒரு விடுதியில். மூன்று இரவு தங்கினேன். வந்த அன்றே அறை வாடகையோடு மேற்கொண்டு ஒரு தொகையையும் சேர்த்துக் கார்டில் பிடித்துவைத்தார்கள். கிளம்பும்போது பில்லைப் புதிய பரிவர்த்தனையாக மறுபடி தேய்த்தார்கள். கிரெடிட் கார்டாக இருந்தால் கடன் வரம்பில் ஒரு துண்டு கொஞ்ச நாள் முடங்கும், அதோடு சரி. டெபிட் கார்டில் முடங்குவது நம் சொந்தப் பணம். அப்போது இரண்டு கணக்கு ஏற்பாடு கிடையாது, எல்லாம் ஒன்றிலேயே இருந்தது. பிடித்த தொகை திரும்ப ஒன்பது நாள் ஆனது. நடுவில் வீட்டு வாடகைக்கான தானியங்கிப் பரிமாற்றம் பணம் போதாமல் திரும்பி, வீட்டுக்காரரிடம் அசடு வழிய வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் கிளம்பும்போது, "முதல்ல பிடிச்சதையே பில்லா முடிச்சிடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். சில கார் வாடகை நிறுவனங்கள் டெபிட் கார்டைத் தொடவே மாட்டா. ஆள் இல்லாத எரிபொருள் பம்புகளிலும், போட்டதைவிடக் கூடுதலாகப் பிடித்துவைக்கும் வழக்கம் உண்டு.

மீதி அரை மதிப்பெண் திருட்டுப் பயத்துக்கு. யாராவது எண்ணைத் திருடினால் கிரெடிட் கார்டில் போவது வங்கியின் பணம், பில் வரும் முன்பே தகராறு செய்யலாம். இங்கே முதலில் பணம் போய்விடும், பிறகுதான் மனு. சின்னக் கணக்கில் கார்டை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆன்லைன் வாங்குதலை அணைத்தே வைத்திருக்கிறேன், தேவைப்படும்போது மட்டும் திறப்பேன்.

கிரெடிட் ஸ்கோர், அதாவது கடன் கொடுப்பவர்கள் நம்மை நம்பலாமா என்று பார்க்கும் மதிப்பெண் பற்றிக் கேட்பீர்கள். பல நாடுகளில் கடன் வாங்கித் திருப்பியவரைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கடனே வாங்காதவர் அவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஆவி. வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்த எண்ணம் இல்லை.

என் அக்கா கிரெடிட் கார்டுதான் வைத்திருக்கிறாள். மாதாமாதம் முழுத் தொகையும் கட்டிவிடுவாள், ஒரு பைசா வட்டி கொடுத்ததில்லை, பாயின்ட் சேர்த்து டிக்கெட்டும் வாங்குகிறாள். அவளுக்கு இந்த விமர்சனம் தேவையில்லை. போன வாரம் அவளிடம் இதைப் படித்துக் காட்டினேன். "உன் கார்டுல குறை ஒண்ணும் இல்லடி, உன்கிட்டதான்" என்றாள். உண்மைதான், அதனால்தான் எனக்கு இந்தக் கார்டு.

அடுத்த மாதம் என் கார்டு காலாவதி ஆகிறது. புது எண்ணை எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்று பட்டியல் போட்டேன். மாதச் சந்தா நான்கு வந்தது. அதில் ஒன்று எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அதற்கு மட்டும் எண்ணை மாற்றப்போவதில்லை.