கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்கு: நேரடி விமானமா, டுபாய் வழியா?

கட்டுநாயக்கவுக்கும் லண்டன் ஹீத்ரூவுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,710 கிலோமீற்றர். டுபாயில் இறங்கி மாறினால் முதற்கட்டம் சுமார் 3,290, அடுத்தது சுமார் 5,500, ஆக மொத்தம் 8,790 கிலோமீற்றர். டோஹா வழியென்றால் 8,850. டுபாய் அந்த நேர்வழியை ஒட்டியே கிடப்பதால், அவ்வழியில் கூடும் தூரம் சுமார் எண்பது கிலோமீற்றர்தான். ஆகவே அதைச் சுற்றுவழி என்று ஒதுக்க நியாயமில்லை.

நேரம் மட்டும் இந்தத் தூரக் கணக்குக்கு அடங்குவதில்லை. நேரடி விமானம் ஏறக்குறைய 11 மணித்தியாலத்தில் போய்ச் சேரும். டுபாய் வழியில் நாலரையும் ஏழரையுமாகப் பறப்பதற்கே 12 மணித்தியாலம் போய்விடும். எண்பது கிலோமீற்றரைக் கடக்க விமானத்துக்கு ஆறு நிமிடம் போதும். மிச்ச நேரத்தை இரண்டு தடவை ஓடுபாதைக்கு ஊர்ந்து, ஏறி, இறங்குவது தின்றுவிடுகிறது. இடையில் காத்திருக்கும் நேரம் குறைந்தது இரண்டு மூன்று மணித்தியாலம். திரும்பி வரும்போது மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் இரண்டு வழிகளிலும் பறக்கும் நேரம் சற்றுக் குறையும்.

மலையகத்தவருக்குக் கணக்கு வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. ஹட்டனில் வேன் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று இறங்கி, கடுவெலையில் அதிவேக நெடுஞ்சாலையைப் பிடித்துக் கட்டுநாயக்கவை அடைய நாலைந்து மணித்தியாலம் ஆகும். டுபாய்க்குப் பறக்கவும் அவ்வளவு நேரந்தான். அதனுடன் விமான நிலையத்தில் முன்கூட்டி நிற்க வேண்டிய மூன்று மணித்தியாலத்தையும் சேர்த்தால், 11க்கு 15 என்று தெரிந்த வித்தியாசம் 19க்கு 23 என்றாகிறது. அதனால் மொத்த நேரத்தைக் காட்டிலும் புறப்படும் வேளையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. பகல் ஒரு மணி விமானத்துக்கு விடியற்காலை நாலரைக்குப் புறப்பட்டால் போதும், பாதை பெரும்பாலும் வெளிச்சத்தில் கழியும். அதிகாலை மூன்று மணி விமானத்துக்கோ முந்தைய நாள் மாலையே கிளம்பி, கினிகத்தேனை வளைவுகளை மூடுபனியிலும் இருட்டிலும் இறங்க வேண்டும். தென்மேல் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடுவதும் உண்டு. அந்த மாதங்களில் இன்னும் இரண்டு மணித்தியாலம் முந்துவது நல்லது. (பண்டாரவளைக்காரருக்கு மத்தளை விமான நிலையம் கிட்டத்தான், 2013இல் திறந்ததுமாயிற்று, ஆனால் லண்டனுக்கு அங்கிருந்து விமானம் வேண்டுமே!)

பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகப் போகும் வயதான அம்மா, அப்பாவுக்கு நேரடி விமானத்தையே சொல்வேன். நடுவில் வாயில் தேடி அலைய வேண்டியதில்லை, அறிவிப்புகளும் தமிழில் காதில் விழும். மாறிப் போவதாயின் இரண்டு கட்டமும் ஒரே பயணச்சீட்டில் இருப்பது அவசியம். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதித்தால், இரண்டாவது சீட்டின் பணம் பெரும்பாலும் போனதுதான்.

பிள்ளை பேர்மிங்ஹாமிலோ மன்செஸ்டரிலோ இருந்தால் என் தெரிவு மாறும். பகல் ஒரு மணிக்குப் புறப்படும் நேரடி விமானம் ஹீத்ரூவை அடையும்போது அங்கே குளிர்காலத்தில் மாலை ஆறரை, கோடையில் ஏழரை; பெட்டிகளை எடுத்து வெளியே வந்து, அதன்பின் பஸ்ஸில் பேர்மிங்ஹாமுக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம், மன்செஸ்டருக்கு ஐந்துக்கும் மேல் வடக்கே போக வேண்டும். டுபாயிலிருந்தும் டோஹாவிலிருந்தும் அந்த இரு நகரங்களுக்கும் நேரே விமானம் இருப்பதால், அங்கே போகிறவர்களுக்கு வளைகுடா வழியே தோதானது.