பனாவேயில் வாங்கிய புலுல்: மரம், கறுப்பு, விலை

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், கோர்டில்லெரா மலைத்தொடரின் நடுவே அமைந்த இஃபுகாவ் மாகாணத்துச் சிற்றூர் பனாவே. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த நெல்வயல்களைக் காண மணிலாவிலிருந்து இரவுப் பேருந்தில் வருவோர் ஏராளம். காட்சிமுனைக்கு ஏறும் சாலையோரத்தில் மரச்சிற்பக் கடைகள் வரிசைகட்டி நிற்பதும் அவர்களை நம்பித்தான். அத்தகைய ஒரு கடையில் ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மிகுந்த, புலுல் என்னும் காவல் உருவங்களின் இணை ஒன்றை 1,800 பெசோ கொடுத்து வாங்கினேன். எட்டு மாதங்களாக என் மேசைமீது இருக்கும் அப்பொருளைப் பற்றியது இம்மதிப்புரை. கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

புலுல் என்பது இஃபுகாவ் மக்களின் நெற்களஞ்சியத்தைக் காக்கும் உருவம். பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக இணையாகச் செதுக்கப்படும் இவ்வுருவங்கள் எலியையும் திருடரையும் அண்டவிடாமல் நெல்லைக் காக்கும் என்பதும், களஞ்சியத்தில் சேர்த்த நெல்லை எடுக்க எடுக்கக் குறையாமல் பெருகச் செய்யும் என்பதும் நம்பிக்கை. இம்மக்களின் தெய்வங்கள் ஆயிரத்துக்கும் மேல் என்று அவர்களிடையே வாழ்ந்து ஆய்வு செய்த அமெரிக்க இனவரைவியலாளர் ஆர். எஃப். பார்ட்டன் பதிவு செய்திருக்கிறார். மேலுலகம், கீழுலகம், ஆற்றின் மேற்புறம், ஆற்றின் கீழ்ப்புறம், மனிதர் வாழும் நிலம் என ஐந்தாகப் பகுத்த உலகில் அத்தெய்வங்கள் குடியிருக்கின்றன. கடைக்காரர்கள் சுற்றுலாப் பயணிகளிடம் ‘நெல் கடவுள்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும்போது இந்த விரிவு முழுவதும் மறைந்துபோகிறது.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது: சிற்பி செதுக்கி முடித்த மரத்தை இஃபுகாவ் மரபு புலுலாக ஏற்பதில்லை. மும்பாகி என்னும் பூசாரி வந்து, முன்னோர்களையும் தெய்வங்களையும் பெயர் சொல்லி அழைத்து, பழங்கதைகளை ஓதி, பன்றியோ கோழியோ பலியிட்டு, அதன் குருதியை உருவத்தின்மீது பூசி, அரிசிமதுவைப் படைத்த பிறகே ஆவி அதில் குடியேறுகிறது. பின்னர் ஒவ்வோர் அறுவடையிலும் அதற்குரிய பங்கைத் தந்தாக வேண்டும். புறக்கணித்தால் நெல் குறையும், வீட்டில் நோய் வரும் என்ற அச்சமும் உண்டு. ஆகவே கடையில் விற்கப்படுவது ஆளில்லாத வீடு. அப்படிச் சொல்லி விற்றால் எந்தக் குறையும் இல்லை. எனக்கு விற்றவரோ ‘பாட்டனார் காலத்துக் களஞ்சியத்திலிருந்து எடுத்தது’ என்றார்.

அந்தக் கூற்று நெடுநேரம் நிற்கவில்லை. விடுதிக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தபோது துணி கறுத்தது. மூக்கருகே கொண்டுபோனால் அடுப்புப் புகைக்கு மாறாகச் செருப்புக்குப் பூசும் பாலிஷின் வாடை வந்தது. மெய்யாகவே பழைய புலுலில் கறுப்பு ஒரே சீராக இராது. குருதியும் புகையும் படிந்த மேற்படலம் குடைவான இடங்களில் தடித்தும், கைபடும் முழங்கால், தலையுச்சி போன்ற மேடான இடங்களில் தேய்ந்து பளபளத்தும் இருக்கும். என்னுடையதில் யார் கையும் படாத பீடத்தின் அடிப்பாகம்கூட முகத்தைப் போலவே கறுத்திருந்தது. வாங்கும்போது தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அடுத்தது மரம். நார்ரா என்று உறுதியளித்தார் விற்றவர். பழைய புலுல்களுக்கு நார்ராவே உயர்ந்தது. ஆற்றின் மேற்புறத்துத் தெய்வமான ஹுமித்ஹித், ஆவி குடியிருந்த நார்ரா மரத்திலிருந்தே முதல் புலுல்களைச் செதுக்கினார் என்று கதையும் உண்டு. நார்ரா நம் வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு. வெட்டினால் அதைப் போலவே சிவந்த பால் வடியும். அதன் சீவலை நீரில் ஊறவைத்து வெயிலில் பிடித்தால் நீர் நீலமாக ஒளிரும். பீடத்தின் அடியிலிருந்து நகக்கண் அளவு சீவல் ஒன்றை எடுத்துக் கண்ணாடிக் குவளை நீரில் இட்டு ஒரு பகல் முழுவதும் காத்திருந்தேன். நீர் வெளிறிய தேநீர் நிறம் கொண்டதே தவிர நீலம் எட்டிப்பார்க்கவில்லை. வெளிப்புறம் வெளிறி உட்புறம் கரும்பழுப்பாக இருக்கும் மரவரியை வைத்துப் பார்த்தால், அங்கே ‘அக்கேசியா’ என்று வழங்கும் நம் தூங்குமூஞ்சி மரமாகவே இருக்க வேண்டும். அது மோசமான மரம் அன்று. எட்டு மாதத்தில் ஒரு வெடிப்பும் விழவில்லை. நார்ரா பிலிப்பைன்ஸின் தேசிய மரம், அதை வெட்டுவதற்குக் கட்டுப்பாடும் உண்டு என்பதால், அக்கேசியாவை அக்கேசியா என்றே சொல்லி விற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செதுக்குவேலையில் இரண்டும் ஒரே தரத்தில் இல்லை. குந்தி அமர்ந்த ஆண் உருவத்தில் தோள், முன்கை, முழங்கால் மூன்றும் ஒரே ஓட்டமாக இறங்குகின்றன. கைகளை முழங்கால்மீது வைத்துத் தொலைவில் எதையோ காவல் காப்பது போன்ற அமைதி முகத்தில் உண்டு. பெண் உருவம் அவசரத்தில் முடிந்தது. வலக்கையின் விரல்கள் வெறும் உளிக்கீறல்கள். பீடமும் சமமாக இல்லாததால் மேசைமீது சற்று ஆடுகிறது. இரண்டையும் ஒருவரே செய்தாரா என்று ஐயுறுகிறேன்.

இத்தனை குறை சொன்ன பின்னும் அதை நான் அப்புறப்படுத்தவில்லை. 1521இல் மகெல்லனுடன் செபு தீவுக்கு வந்த இத்தாலியப் பயணி பிகஃபெட்டா, அங்கிருந்த மரத்தெய்வங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: உள்ளே குடைந்து, பின்புறமே இல்லாமல், விரித்த கைகளும் காட்டுப்பன்றியின் கொம்புகளைப் போன்ற நான்கு பெரிய பற்களும் கொண்டவை. அவ்வூர் அரசன் திருமுழுக்குப் பெற்றதோடு அவற்றை எரிப்பதும் தொடங்கிவிட்டது. தாழ்நிலத்து மக்களின் அனிட்டோ எனப்படும் முன்னோர், ஆவி உருவங்களுக்கும் பின்னர் பெரும்பாலும் அதே கதிதான். நம் ‘தேவதை’ பிறந்த அதே வடமொழிச் சொல்லிலிருந்து வந்த ‘திவாதா’ பேச்சில் எஞ்சியது; உருவம் எஞ்சவில்லை. ஸ்பானியரால் முழுமையாக அடக்க முடியாத இம்மலைகளில் மட்டுமே புலுல் செதுக்கும் கை அறுபடாமல் வந்திருக்கிறது. அவசரத்தில் செதுக்கியதேயானாலும் என் மேசைமீது இருப்பது அந்தக் கையின் வேலை.

வாங்க நினைப்போர் பழையது என்று சொல்லப்படும் எதையும் தவிர்க்க வேண்டும். பொய்யானால் பணம் போகும். மெய்யானால் அது எவர் களஞ்சியத்திலிருந்து எப்படி வந்தது என்ற கேள்வி எழும், உரிய அனுமதியின்றி நாட்டைவிட்டு எடுத்துச் செல்லவும் முடியாது. பழையவற்றைக் காண மணிலாவின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது, 2016 முதல் அங்கு நுழைவு இலவசம். பாகியோவுக்கு அருகே ஓவியர் பென்காப் நிறுவிய அருங்காட்சியகத்திலும் புலுல்களின் பெருந்தொகுப்பு ஒன்று உண்டு.

ஊர் திரும்பும் நாளில் அதே சாலையின் மற்றொரு கடையின் பின்புறத்தில், கறுப்புப் பூசாத இணை ஒன்றைச் சிற்பியிடமே நேரில் கண்டேன். மரவரி தெளிவாகத் தெரிய, விலையும் 1,200 பெசோவாக, என்னுடையதைவிட எல்லா வகையிலும் மேலாக இருந்தது. இதில் ஆவி உண்டா என்று கேட்டதற்கு, அதற்கு மும்பாகியை அழைக்க வேண்டும் என்றும், பன்றிக்கான பணத்தை நான்தான் தர வேண்டியிருக்கும் என்றும் உளியை நிறுத்தாமலே சொன்னார்.